கயிற்றில் மோதித் திரும்பி வருகிறவன்

அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் உட்கார்ந்துகொண்டு நெருப்புப் பிராணியைப் பற்றி எழுதுவதற்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். வெயிலூர் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? சத்துவாச்சாரியில் எங்கள் மாடியில் மத்தியானம் இரண்டு மணிக்குக் காயப்போட்ட துணியை எடுக்கப் போனால் செருப்போடு சேர்த்து உள்ளங்காலும் ஒட்டிக்கொள்ளும். மலைப்பாறையெல்லாம் பகலில் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கத் திருப்பித் தரும். இந்த லட்சணத்தில் எனக்கு மூன்று வாரமாக ஒரே ஒரு வாக்கியம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. சொன்னது அண்ணன் மகன். எட்டாம் வகுப்பு முடித்து லீவில் இருக்கிறான். போனில் என்னைப் போகிமான் சண்டையில் தோற்கடித்துவிட்டு, நான் அவனுடைய பிராணியைக் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டிருந்தபோது, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னான்: "அத்த, அது அடிக்க வரல. அடி வாங்க வந்திருக்குது."

போகிமான் என்பது பிராணிகளை வளர்த்துச் சண்டைக்கு விடுகிற ஜப்பானிய வீடியோ விளையாட்டு. அந்தப் பிராணி இன்சினரோர். விளையாடுகிறவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்: கறுப்பும் சிவப்புமாகக் கோடு போட்ட புலி, இரண்டு காலில் நிற்கும், இடுப்பில் சாம்பியன் பெல்ட் மாதிரி நெருப்பு எரியும், நடை உடை பாவனை எல்லாம் டிவி குஸ்திக்காரன். 2016இல் வந்தது. பார்த்த நாளிலிருந்து எனக்கு இதைப் பிடிக்காது. பிடிக்காது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதைத்தான் இந்தப் பையன் கெடுத்துவிட்டான்.

எழுந்து நின்ற பூனை

போகிமான் சன், போகிமான் மூன் இரண்டும் 2016 நவம்பர் 18 அன்று வெளியாயின. ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்துச் சரியாகப் பத்தாவது நாள். உலகம் புது விளையாட்டைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் காட்பாடி ரோட்டில் ஒரு ஏடிஎம் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அதனால் அடுத்த வருஷம்தான், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய தோழி ஒருத்தி பழைய த்ரீடிஎஸ் விளையாட்டுக் கருவியைச் சல்லிசாகக் கொடுத்தபோது, விளையாட முடிந்தது. ஆரம்பத்தில் மூன்று குட்டிகளில் ஒன்றை எடுக்க வேண்டும். நான் லிட்டனை எடுத்தேன். கறுப்புப் பூனைக்குட்டி. உடம்பை நக்கி நக்கி, விழுங்கிய முடியை நெருப்பு உருண்டையாகத் துப்பும். யாரையும் மதிக்காத மூஞ்சி. லேபில் எனக்கு நைட் டியூட்டி. ரத்த சாம்பிள் மெஷினில் சுழலும் இடைவெளிகளில் அதை வளர்த்தேன். பதினேழாம் லெவலில் டோராகேட் ஆனது. கழுத்தில் நெருப்பு மணி. அப்போதும் நான்கு காலில்தான் நடந்தது. அடுத்தது நிஜமான புலியாக வரும் என்று காத்திருந்தேன்.

முப்பத்து நான்காவது லெவலில் எழுந்து நின்றது. எழுந்து நின்றது மட்டுமில்லை, மார்பை விரித்துக்கொண்டு, கீழ்க்கண்ணால் என்னைப் பார்த்தது. நான் வளர்த்தது பூனை. எதிரில் நிற்பது ஜிம் மாஸ்டர். அதற்கு முன்பே நெருப்புக் குட்டிகள் இப்படி ஏமாற்றியிருக்கின்றன: 2002இல் பிளேசிகன், 2006இல் இன்ஃபர்னேப், 2010இல் எம்போர். ஒவ்வொரு பிராணிக்கும் நெருப்பு, நீர் என்று ஒன்றோ இரண்டோ வகை உண்டு. கோழி, குரங்கு, பன்றி, மூன்றுமே வளர்ந்ததும் நெருப்போடு 'சண்டை' வகையும் சேர்ந்துகொண்டு கையை முறுக்கின. நான்காவது முறையும் இதே கதை நடந்துவிடக் கூடாதே என்று ரசிகர்கள் வேண்டாத தெய்வமில்லை. செய்தவர்கள் வேண்டுதலை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார்கள். இன்சினரோர் சண்டை வகை இல்லை. நெருப்பும் 'டார்க்'கும். ஆனால் குஸ்திக்காரன். இதைவிட நக்கலாக ஒரு பதில் இருக்க முடியாது.

நான் என்ன செய்தேன் என்றால், சேவ் செய்யாமல் அணைத்துவிட்டு, மறுபடி அதே இடத்துக்கு வந்து, அது உருமாறத் தொடங்கும்போது பி பட்டனை அழுத்தினேன். பி அழுத்தினால் உருமாற்றம் நின்றுவிடும். அடுத்த லெவலில் திரும்பக் கேட்கும். திரும்ப அழுத்தினேன். இப்படியே அதை அறுபதைத் தாண்டிக் கொண்டுவந்தேன். என் டோராகேட் இன்னும் பூனைதான்.

ஒன்று மட்டும் அப்போதே உறுத்தியது. ஜப்பானிய மூலத்தில் டார்க் வகைக்குப் பெயர் 'அக்கு', அதாவது தீமை. நம் மொழியில் வைத்துப் பார்த்தால் இந்தப் பிராணியின் வகை தீயும் தீமையும். இரண்டு சொல்லும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. அதன் பட்டமே 'ஹீல் போகிமான்'. ஹீல் என்றால் குஸ்தி உலகத்தில் வில்லன் வேஷம் கட்டுகிறவன். வேஷம் என்கிற சொல்லை நான் அன்றைக்குச் சரியாகக் கவனிக்கவில்லை. இன்னொன்றையும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்: நீர், நிலம், பாறை, நான்காவதாகச் சண்டை, இவைதான் இதற்கு ஆகாத வகைகள். குஸ்திக்காரனுக்கு நிஜச் சண்டைக்காரனைக் கண்டால் பயம்.

யோகோசுனாவின் எடை

எனக்குக் குஸ்தி தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தொண்ணூறுகளில் கொசப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள் நான். டபிள்யூ டபிள்யூ எஃப் டிரம்ப் கார்டில் எங்கள் சந்தில் என்னை ஜெயித்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் என் அண்ணன். எந்தக் கார்டு வந்தால் எதைக் கேட்க வேண்டும் என்பது வாய்ப்பாடு மாதிரி. யோகோசுனா வந்தால் எடை. ஜெயன்ட் கொன்சாலஸ் வந்தால் உயரம். அண்டர்டேக்கர் கையில் இருந்தால் எதைக் கேட்டாலும் பரவாயில்லை என்கிற திமிர். கார்டு விளிம்பெல்லாம் மழுங்கி, அழுக்கேறி, பின்பக்கத்து மடிப்பைப் பார்த்தே எது யார் என்று சொல்லிவிடுவோம். அதனால் ஆட்டமே ஒருவகைத் திருட்டாட்டம்தான்.

கேபிள் வைத்திருந்த வீடு ஒன்றே ஒன்று. அங்கே வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்போம். ஒருநாள், எனக்குப் பத்து பதினொரு வயது இருக்கும், ஒருவன் இன்னொருவனின் கையைப் பிடித்துச் சுழற்றிக் கயிற்றின் மேல் விட்டான். விட்டவன் கயிற்றில் மோதி, அப்படியே திரும்பி, அவனை நோக்கியே ஓடி வந்தான். இவன் கையை நீட்டினான். வந்தவன் கழுத்தைக் கொடுத்து விழுந்தான். நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் வாயிலிருந்து வந்தது: "அவன் ஏன் திரும்பி வர்றான்? அந்தப் பக்கமா ஓடிப் போயிடலாம்ல?"

யாரும் பதில் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் திரும்பி என்னை முறைத்தான். வீட்டுக்கு வருகிற வழியில், "உனக்கு ஒண்ணும் தெரியாது, கயிறு தள்ளிவிடுது" என்றான். தள்ளினால் இரண்டடி தள்ளும். ஓடுவது யார்? அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் கொடியில் மோதி மோதிப் பார்த்தோம். கொடி அறுந்தது, அம்மாவிடம் அடி வாங்கியதுதான் மிச்சம். ஆனால் கேள்வி விழுந்த பிறகு குஸ்தி பழைய குஸ்தியாக இல்லை. எல்லாம் பேசி வைத்துச் செய்வது என்று ஊரே சொன்னது. அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கார்டுக் கட்டை ரப்பர் பேண்டு போட்டு அலமாரி மேல் வைத்தான். அவன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். மகனுக்கு ஸ்விட்ச் என்கிற விளையாட்டுக் கருவியை வாங்கி அனுப்பியபோது போனில் என்னிடம் சொன்னது, "எதையும் சொல்லிக் கெடுத்துடாத."

அந்த ஸ்விட்ச்சில்தான் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் இருக்கிறது, பல விளையாட்டுகளின் ஆட்கள் ஒரே மேடையில் மோதிக்கொள்கிற சண்டை விளையாட்டு. 2018 டிசம்பர் 7 அன்று வந்தது. அதிலும் இன்சினரோர் உண்டு. ஓட்டத்தில் அத்தனை பேரிலும் இதுதான் கடைசி. அதைவிட முக்கியம், அதற்கு அலோலன் விப் என்று ஒரு பிடி உண்டு. எதிராளியைப் பிடித்துத் தூக்கி எறியும். காற்றிலிருந்து கயிறு முளைக்கும்! ஆகாயத்தில் நின்றாலும், மலையுச்சியில் நின்றாலும், எங்கிருந்தோ குஸ்தி மேடைக் கயிறு வந்து நிற்கும். எதிராளி அதில் மோதித் திரும்பி வருவான். வருகிற கணத்தில் பட்டனைச் சரியாக அழுத்தினால் கழுத்தடி. தவறினால் இரண்டு பேருக்கும் வலி. முதல் தடவை பார்த்தபோது நான் சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன். கொசப்பேட்டை வாசற்படியில் நான் கேட்ட கேள்விக்கு ஜப்பானில் எவனோ இருபது வருஷம் கழித்து, 'கேட்காதே, வரும்' என்று பதில் எழுதியிருக்கிறான்.

சரி, அந்தத் தோல்விக்கு வருகிறேன்

போகிமான் ஷோடவுன் என்று ஒன்று இருக்கிறது. ரசிகர்கள் செய்தது, காசு கிடையாது, போனிலேயே ஓடும். பிராணிகளை வளர்க்கத் தேவையில்லை, நேராகச் சண்டைதான். நானும் பையனும் இரட்டையர் ஆட்டம் ஆடினோம். ஆறு பேரைக் காட்டி நான்கு பேரை இறக்குவது, ஒரே நேரத்தில் பக்கத்துக்கு இரண்டு பேர். நான் கார்சாம்ப்பையும் டைரானிடாரையும் இறக்கினேன். ஒன்று நிலம், ஒன்று பாறை. அவன் பக்கம் இன்சினரோரும், அதன் ஓரத்தில் காற்றடித்தால் பறந்துவிடுகிற மாதிரி ஃப்ளட்டர் மேனும். என் கண் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்பது வருஷத்துப் பகை. நிலமும் பாறையும் அதற்கு ஆகாது. இன்றைக்கு ஒழிந்தாய் என்று இரண்டையும் அதன் மேலேயே ஏவினேன்.

அது களத்தில் இறங்கியதுமே ஒரு முறைப்பு முறைத்தது. இன்டிமிடேட். எதிரில் நிற்கிற இருவரின் தாக்கு பலமும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். அடுத்து கார்சாம்ப் கை ஓங்குவதற்குள் முகத்துக்கு நேரே ஒரு தட்டு: ஃபேக் அவுட். வந்த முதல் சுற்றில் மட்டும்தான் இது பலிக்கும். வாங்கியவன் அந்தச் சுற்றில் ஒன்றும் செய்ய முடியாது. (இதற்கு ஜப்பானியப் பெயர் 'நெக்கோதமாஷி'. பூனையை ஏமாற்றுவது என்று அர்த்தம். சுமோ வீரர்கள் எதிராளியின் முகத்துக்கு முன்னால் படாரென்று கைதட்டித் திகைக்க வைப்பார்களே, அந்த உத்தி. பூனைக்கே பூனை வித்தையைக் கொடுத்தவனை எப்படித் திட்டுவது?) டைரானிடார் பாறையால் அடித்தது. மூன்றில் இரண்டு பங்கு அடி. தாங்கிக்கொண்டது. அடுத்த சுற்றில் இருவரும் சேர்ந்து அடித்தோம். கடைசி மூச்சில் சிட்ரஸ் பழத்தைத் தின்றுகொண்டு நின்றது. எல்லோரும் அடித்து முடித்த பிறகு, சாவகாசமாக, டைரானிடாரைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. இது பார்ட்டிங் ஷாட். கேட்டவனுக்குத் தாக்கு பலம் மறுபடி குறையும். சொன்னவன் போய் வேறொருவன் வருவான். இதற்குள் ஓரத்தில் நின்ற ஃப்ளட்டர் மேன், நான் திரும்பியே பார்க்காத ஃப்ளட்டர் மேன், சுற்றுக்குச் சுற்று ஒரே வீச்சில் என் இருவரையும் பொசுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு சுற்று கழித்து இன்சினரோர் திரும்ப வந்தது. திரும்ப முறைத்தது. வந்தவர்களுக்கும் மூன்றில் இரண்டு.

"ஸ்லோவா இருக்கே, இதைப் போய் எவனாவது டீம்ல வெப்பானா" என்று நான் ஆரம்பித்தேன். அப்போதுதான் அந்த வாக்கியம். அப்புறம் பொறுமையாக விளக்கினான். ஸ்லோவாக இருப்பதுதான் விஷயமே. அது முந்திக்கொண்டு வெளியே போனால் அடுத்து வருகிறவன் மேல் அடி விழும். கடைசியில் போவதால் எல்லா அடியையும் தானே வாங்கிவிடும். வருகிறவன் மேல் தூசு படாமல் வந்து நிற்பான். "நீங்க அதையே அடிச்சீங்க. அதுக்குத்தான் அத்த அது அப்படி மொறைக்குது." ஆட்ட அரங்குகளில் வருஷக்கணக்காக அதிகம் பேர் தூக்கிக்கொண்டு போகிற பிராணிகளில் இது ஒன்று. அடித்து ஜெயித்ததால் இல்லை. 2023 டிசம்பரில் ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளுக்குள் இது திரும்பி வந்த உடனே எல்லாக் குழுவிலும் இதற்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

குஸ்திக்காரர்கள் கூட்டத்தின் வெறுப்பை ஹீட் என்பார்கள். சூடு. ஹீலின் முழு வேலையும் அந்தச் சூட்டைத் தன் மேல் இழுப்பதுதான். 1973இல் ஜப்பானுக்குக் குஸ்தி போடப் போன பஞ்சாப்காரர் ஒருவர், டைகர் ஜீத் சிங், வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு மேடைக்கு வருவார். அன்டோனியோ இனோக்கி என்கிற அந்த நாட்டு நாயகனுக்கு எதிரி. ஜப்பானியக் குழந்தைகள் பயந்து ஓடிய மனிதர். அவர் குடியேறி வாழ்கிற கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது இன்சினரோரைப் பற்றிப் போகிமான் விளையாட்டு ஒன்றில் வருகிற குறிப்பு ஞாபகம் வந்தது. முரட்டுத்தனத்துக்குப் பேர்போனது, ஆனால் சின்னப் பிராணிகளுக்கு உதவி செய்வதைப் பார்த்தால் உள்ளே ஈரம் இருப்பது தெரியும் என்று இருக்கும். பள்ளிக் கட்டுரை மாதிரி இருக்கிறதே என்று அன்றைக்குத் தள்ளிவிட்டேன்.

துகில் ராத்திரி

கொடி அறுந்த அதே வருஷம் சித்திரையில் அப்பாவின் ஊருக்குப் போனோம். ஆரணிக்குப் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருந்தார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசி நாள் படுகளமும் தீமிதியும். பெரியப்பா ஜமாவில் வேஷம் கட்டுகிறவர். அன்றைக்குத் துகில். அவர் துச்சாதனன். பத்து மணிக்கு மேல் மத்தளம் தொடங்கி, கட்டியங்காரன் வந்து எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுப் போய், இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டு, நான் பாதித் தூக்கத்தில் இருந்தபோது பெரியப்பா திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். தலையில் கிரீடம், தோளில் கட்டை, முகமெல்லாம் சிவப்பு. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பம்பரமாகச் சுற்றினார். எனக்கு மிட்டாய் வாங்கித் தருகிற பெரியப்பா இல்லை அது. பின்னாலிருந்து ஒரு கிழவி, "உன் கை வெளங்குமாடா, கட்டையில போறவனே" என்று கத்தினாள். அந்தக் கிழவிக்கு அவரைத் தெரியும். சொந்த அத்தை முறை.

திரௌபதி வேஷம் கட்டியவர் பக்கத்து ஊர்த் தையல்காரர். அவரைத் தலைமயிரைப் பிடித்துத் தரதரவென்று களத்தில் இழுத்துக்கொண்டு வந்தார் பெரியப்பா. பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். துகிலில் கை வைக்கப் போகிறார். அப்போது பாட்டு நின்றது. முகவீணை நின்றது. யாரோ ஒரு தட்டைக் கொண்டுவந்தார்கள். பெரியப்பா கற்பூரம் ஏற்றி, அந்தத் தையல்காரரைச் சுற்றிக் காட்டி, அப்படியே நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தார். கிரீடம் மண்ணில் பட்டது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு நிமிஷம் இருக்கும். எழுந்தார். மறுபடி அதே உறுமல், அதே முறைப்பு, புடவையில் கை.

எனக்கு உள்ளே ஏதோ அறுந்துபோன மாதிரி இருந்தது. ஏற்கெனவே கயிறு போய்விட்டது. இப்போது இதுவுமா? காலில் விழுகிறவன் எப்படி வில்லன்? காலையில் கிணற்றடியில் தேங்காயெண்ணெய் போட்டு முகத்துச் சிவப்பை வழித்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். துகிலைப் பற்றிக் கேட்கத் தைரியமில்லை. அதனால் கயிற்றைப் பற்றிக் கேட்டேன். டிவியில் இப்படி ஒருவன் கயிற்றில் மோதித் திரும்பி ஓடி வருகிறான் பெரிப்பா, ஏன் வருகிறான்? அவர் குஸ்தி பார்த்ததில்லை. அண்ணனைக் கூப்பிட்டு என்னோடு சேர்ந்து செய்து காட்டச் சொன்னார். காட்டினோம். எண்ணெய் வழிகிற முகத்தோடு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நேத்து நான் மயிரைப் புட்ச்சி இஸ்த்துகினு வந்தேனே, பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.

"எங்க, நீ என் கையப் புடி." என் கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தார். தன் முஷ்டியை என் தலைமேல் வைத்தார். முஷ்டிக்குள் மயிர் இல்லை. அவருடைய கட்டைவிரல்தான் இருந்தது. "இப்போ நட." நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு இழுக்கிறவர் மாதிரி. "இஸ்க்கிறது யாரு? நீதான். அவரு போறாரு, நான் கூடப் போறேன். மொறைக்கிறது மட்டும்தான் என் வேல. அவரு ஒரு அடி தப்பி வெச்சார்னா நான் மொதல்ல விழணும், அவரு என்மேல விழணும். அவருக்கு முட்டி வலி கீது." அப்புறம் அண்ணனைப் பார்த்து, "உன் கயித்துக்காரனும் அப்டித்தான். வரலன்னா இவன் கை நீட்டிகினு நிக்கணும். அசிங்கமாப் பூடும்ல?" என்றார். கிழவி திட்டியதைச் சொன்னேன். முகம் மலர்ந்துபோயிற்று. பத்து வசவாவது விழாவிட்டால் வேஷம் ஒட்டவில்லை என்று அர்த்தமாம்.

அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டைவிரலைக் கண்டுபிடித்த ஏமாற்றம்தான் மிஞ்சியது. கூத்தும் பொய், குஸ்தியும் பொய் என்று ஊர் திரும்பினேன். பொய் என்கிற சொல்லை வைத்துக்கொண்டே இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஓட்டியிருக்கிறேன். இன்சினரோர் எழுந்து நின்றபோது எனக்கு வந்த எரிச்சல்கூட அதுதான் என்று இப்போது படுகிறது. நிஜப் புலி கேட்டேன், புலிவேஷம் கட்டிய ஆளைக் கொடுத்துவிட்டார்கள். பையன் சொன்ன அன்று ராத்திரி டியூட்டியில் கையுறையைக் கழற்றியபோது என்னையறியாமல் கட்டைவிரலை உள்ளே மடித்து முஷ்டி பிடித்துப் பார்த்தேன். முறைப்பது மட்டும்தான் என் வேலை. அவருக்கு முட்டி வலி இருக்கிறது. ஃப்ளட்டர் மேன் காற்றடித்தால் பறந்துவிடும்.

இதை லேபில் ஒரு தோழியிடம் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. துகிலையும் டிவி குஸ்தியையும் ஒரே தட்டில் வைக்காதே, ஒன்றில் ஒரு பெண்ணின் மானம் இருக்கிறது, இன்னொன்றில் டிக்கெட் காசு இருக்கிறது என்றாள். நியாயம்தான். கற்பூரத்துக்கு ஈடாக எந்த விளையாட்டிலும் ஒன்றுமில்லை. நான் சொல்ல வருவது கட்டைவிரலைப் பற்றி மட்டும்.

தொப்பிக்காரன்

போன வாரம் பெரியப்பா கண் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். வேஷம் கட்டி வருஷமாகிறது. இப்போது பையன்களுக்கு அடவு சொல்லிக்கொடுப்பதோடு சரி. கண்ணுக்கு மருந்து விட்டதால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். பையன் டிவியில் ஸ்மாஷ் ஆடிக்கொண்டிருந்தான். இன்சினரோர் இரண்டு கையையும் விரித்துச் சுற்றியது. பெரியப்பா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"இன்னாடா இது, நம்ம ஆட்டமாச்சே."

"புலி தாத்தா. குஸ்தி போடும்."

பலமாக ஓர் அடி அடித்துவிட்டு அது எதிராளியை விட்டு வேறு பக்கம் திரும்பி மார்பைத் தட்டிக் காட்டியது. ஒவ்வொரு பெரிய அடிக்கும் அது அப்படி ஒரு தோரணை காட்டும். ஆட்டத்தில் அதற்கு ஒரு பலனும் இல்லை, வேறு பட்டனைத் தட்டினால் தோரணை நின்றுவிடும், சும்மா அழகுக்குத்தான். பெரியப்பாவுக்கு அதுதான் பிடித்தது. "அடிச்சிட்டு ஜனத்தப் பாக்குது பாரு. தெரிஞ்சவன்." அப்புறம் இடுப்பு இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்றார். முறைப்பு பரவாயில்லை என்றார். அண்ணன் மகன் பெருமையாக அந்தக் கயிற்றுப் பிடியைப் போட்டுக் காட்டினான். மாரியோ பறந்துபோய்க் காற்றில் முளைத்த கயிற்றில் மோதி, திரும்பி, ஓடி வந்து, கழுத்தைக் கொடுத்து விழுந்தான். நான் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கிணற்றடி ஞாபகமில்லை என்று நினைக்கிறேன். என் பக்கம் திரும்பவே இல்லை. விழுந்து கிடந்தவனைத்தான் பார்த்தார்.

"சரிடா கண்ணு, அந்தத் தொப்பி போட்டவன் நல்லா விழறான். அவனுக்கும் புலிக்கும் ஒரே காசுதானா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் காபி வைக்க எழுந்தேன்.

"கேட்டு வெய்யி," என்றார் பெரியப்பா, கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு.